செங்கல் புகைபோக்கிக்குள் ஸ்டீல் லைனர் இறக்கப் போகிறீர்களா? டேப்பை எடுக்கும் முன் இதைப் படியுங்கள்

கூரை மேல் ஒரு நண்பர். கீழே கணப்புக்குள் தலையை விட்டபடி நான், கையில் கயிறு. இழுக்க இழுக்க இறங்கிவந்த லைனர், அதாவது புகை போவதற்காகப் புகைபோக்கிக்குள் விடும் எஃகுக் குழாய், சுமார் 12 அடியில் நின்றுவிட்டது. இன்னும் பலம் கொடுத்து இழுத்தோம். சுற்றியிருந்த வெப்பக் காப்புப் போர்வை கிழிந்ததுதான் மிச்சம். மாலையில் அதை மேலே உருவி எடுத்துப் புல்தரையில் பாம்புச்சட்டை மாதிரி கிடத்திப் பார்த்தபோதுதான் உறைத்தது: தப்பு அன்றைக்கு நடந்ததில்லை. ஒன்றரை மாதம் முன்னால், மேலிருந்து எட்டிப் பார்த்து ஒரே ஒரு இடத்தில் டேப் வைத்து அளந்த அன்றே நடந்துவிட்டது.

இரண்டாவது லைனர் அரை நாளில் இறங்கியது. வித்தியாசம் எங்கள் தோள்வலிமையில் இல்லை. அளவையும் தாள் வேலையையும் முன்கூட்டியே முடித்திருந்தோம், அவ்வளவுதான். இதைப் பற்றித் தமிழில் தேடினால் சமையலறைச் சிமினிதான் வந்து நிற்கிறது. ஆகவே என் அனுபவத்தை வரிசையாக எழுதி வைக்கிறேன். விறகு ஸ்டவ் பொருத்துகிறவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். கேஸ், எண்ணெய் பற்றி வேண்டிய இடத்தில் மட்டும் சொல்கிறேன்.

1. உங்களுக்கு லைனர்தான் தேவையா?

மூன்று சூழ்நிலைகளில் தேவைப்படும். உள்பூச்சே இல்லாத வெறும் செங்கல் புகைபோக்கி. உள்ளே பதித்த களிமண் குழாய்கள் விரிசல் விட்டது. மூன்றாவதுதான் பலர் கவனிக்காதது: திறந்த கணப்புக்காகக் கட்டிய பெரிய புகைவழியில் சின்ன ஸ்டவ்வைப் பொருத்துவது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்டவ்வின் புகைவாய் 6 அங்குல வட்டம் என்றால் அதன் பரப்பு சுமார் 28 சதுர அங்குலம். உள்ளளவு 12-க்கு 12 உள்ள பழைய புகைவழியின் பரப்பு 144. ஐந்து மடங்கு. புகைவழி, புகைவாயின் பரப்பைப் போல 3 மடங்குக்கு மேல் போகக் கூடாது. வீட்டின் வெளிச்சுவரில் குளிர்பட நிற்கும் புகைபோக்கியானால் 2 மடங்குக்கு மேல் கூடாது என்பது அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் என்எஃப்பிஏ 211 விதி. மீறினால் என்ன ஆகும்? புகை அந்தப் பெரிய வெளியில் பரவி ஆறிப்போகும். சுமார் 120 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வந்ததும் அதிலுள்ள தார் சுவரில் படியத் தொடங்கும். கிரியோசோட் என்று சொல்கிற அந்தக் கறுப்புப் படிவு ஒருநாள் பற்றிக்கொண்டால் உள்ளே 1,000 டிகிரியைத் தாண்டும்.

லைனர் செய்யாத வேலையும் உண்டு: சுவரைத் தாங்காது. செங்கல் உதிர்கிறது, மேல்பகுதி சாய்ந்திருக்கிறது, தலையில் உள்ள சிமென்ட் மூடி வெடித்திருக்கிறது என்றால் முதலில் கொத்தனாரைக் கூப்பிடுங்கள். லைனர் பிறகு.

உள்ளே இருக்கும் விரிசலையெல்லாம் வெறும் கண்ணால் பார்க்க முடியாது. கேமரா விட்டுப் பார்க்கும் ஆளை அழைத்து, அந்த வீடியோவின் பிரதியையும் எழுத்தில் அறிக்கையையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "பார்த்தாச்சு, நல்லாத்தான் இருக்கு" என்ற வாய்ச்சொல்லை வைத்துக்கொண்டு, வேலைக்கு அனுமதி தரும் பெர்மிட் அலுவலகத்தில் ஒன்றும் செய்ய முடியாது.

2. தாள் வேலையை முதலில் முடியுங்கள்

நான் இதைக் கடைசிக்குத் தள்ளினேன். லைனரைப் பொருத்தி, கீழே குழாயைச் சுற்றியுள்ள இடைவெளியை மூடும் அடைப்புத் தகட்டையும் மாட்டிய பிறகே பெர்மிட் அலுவலக இன்ஸ்பெக்டருக்குச் சொன்னேன். வந்தவர் நல்ல மனிதர். ஆனால் தகட்டுக்குப் பின்னால் இருப்பதைப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டார். கழற்றினேன். அவர் மறுபடி வர இன்னும் பல நாள் காத்திருந்தேன். குளிரில்.

பொருள் வாங்குவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டியவை:

- ஸ்டவ்வின் கையேடு. புகைவாய் அளவு, குறைந்தபட்சப் புகைபோக்கி உயரம், லைனருக்குக் காப்பு கட்டாயமா என்ற மூன்றும் அதில் இருக்கும். பழைய ஸ்டவ் வாங்கியிருந்தால், பின்பக்கத் தகட்டிலுள்ள மாடல் எண்ணை வைத்துக் கையேட்டைத் தேடி எடுங்கள். தகடே இல்லாத ஸ்டவ்வா, வாங்காதீர்கள்.
- லைனரின் தரச்சான்று. அமெரிக்காவில் யூஎல் 1777, கனடாவில் யூஎல்சி எஸ்635, ஐரோப்பாவில் ஈஎன் 1856-2. பெட்டியிலோ கையேட்டிலோ இந்த எண் இல்லையென்றால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பிப் பார்க்காதீர்கள்.
- பெர்மிட். வீட்டுக்காரரே செய்ய அனுமதி உண்டா, பதிவுபெற்ற ஆள்தான் செய்ய வேண்டுமா, எந்தெந்தக் கட்டத்தில் வந்து பார்ப்பார்கள் என்று கேளுங்கள். "மூடுவதற்கு முன் பார்க்க வேண்டுமா?" என்ற கேள்வியை மறக்காதீர்கள்.
- இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல். போனில் சொல்வது போதாது. விறகு ஸ்டவ் இருப்பதே தெரியாது என்று பிற்பாடு அவர்கள் சொல்ல இடம் கொடுக்காதீர்கள். பதிலை அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள்.

ஒரு புகைவழியில் ஒரே ஒரு கருவிதான். அடித்தளத்திலுள்ள வெந்நீர்க் கொதிகலன் அதே புகைவழியைப் பயன்படுத்துகிறதா என்று இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிடுங்கள். பயன்படுத்தினால் விறகு ஸ்டவ்வுக்கு அங்கே இடமில்லை.

3. சுத்தம் செய்த பிறகே அளவு

பழைய தார்ப்படிவின் மேல் லைனர் இறக்கக் கூடாது. லைனருக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட படிவை அப்புறம் யாராலும் எடுக்க முடியாது. மழைக்காலத்தில் நாறும், சூடேறினால் பற்றவும் செய்யும். படிவு கண்ணாடி போலப் பளபளவென்று இறுகியிருந்தால் சாதாரணத் தூரிகைக்கு அசையாது. அதற்கென்று தனிக் கருவி வைத்திருக்கும் ஆள் வேண்டும். மேலிருந்து சரிந்து, டாம்பருக்கு (புகைவழியைத் திறந்து மூடும் தகடு) பின்னாலுள்ள திட்டில் குவிந்து கிடக்கும் கரியையும் அள்ளச் சொல்லுங்கள். அங்கே பறவைக்கூடு கிடைப்பதும் சகஜம்.

4. அளவு: இங்கேதான் எல்லாம் கெட்டுப்போகிறது

நீளம் சுலபம். கூரையிலிருந்து கனம் கட்டிய டேப்பை இறக்கி, ஸ்டவ்வின் புகைவாய் வரும் மட்டம் வரை அளந்து, அதோடு 2 அடி கூட்டிக்கொள்ளுங்கள். வழியில் வளைவு இருந்தால் இன்னும் கொஞ்சம். மிஞ்சினால் வெட்டலாம்.

அகலம்தான் ஆளைக் கவிழ்க்கும். 6 அங்குல லைனர் என்றால் உள்விட்டம் 6 அங்குலம். நெளிநெளியான சுவரைச் சேர்த்தால் வெளிவிட்டம் அதைத் தாண்டும். அதன் மேல் அரை அங்குலக் காப்புப் போர்வை சுற்றினால் இரண்டு பக்கமும் சேர்ந்து இன்னும் 1 அங்குலம். வெளியே கம்பிவலை. மொத்தம் ஏழரை அங்குலத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். வட அமெரிக்க வீடுகளில் '8-க்கு 8' என்று சொல்கிற களிமண் குழாயின் உள்ளளவோ 7 அங்குலத்துக்குள்தான். பெயரிலுள்ள 8 வெளியளவு! நான் விழுந்த குழி இதுதான். போதாததற்கு, இரண்டு களிமண் குழாய்கள் சேரும் இடத்தில் கட்டும்போது பிதுங்கிய சாந்து இறுகி விளிம்பாக நிற்கும். மேலே டேப் வைத்தால் அது தெரியாது.

இரண்டாம் முறை வேறு மாதிரி செய்தேன். காப்போடு சேர்த்த வெளிவிட்டத்துக்கு ஒட்டுப்பலகையில் இரண்டு வட்டங்கள் வெட்டி, ஒன்றரை அடி இடைவெளியில் ஒரு குச்சியில் கோத்தேன். மேலே ஒரு கயிறு, கீழே ஒரு கயிறு. மேலிருந்து மெதுவாக இறக்கினால் எங்கே தட்டுகிறது, எங்கே சிக்குகிறது என்று கயிற்றிலேயே தெரியும். கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சு போட்டிருந்ததால் எத்தனையாவது அடி என்பதும் தெரிந்தது. கீழ்க்கயிறு எதற்கு என்றால், சிக்கினால் மேலேயும் வராமல் கீழேயும் போகாமல் நிற்காதிருக்க. இந்தப் பலகைக்கு ஆன நேரம் ஒரு மணி. லைனர் ஆர்டர் செய்யும் முன் இதைச் செய்யாதவர்களுக்கு என் அனுதாபங்கள்.

பலகை இறங்கவில்லையா? மூன்று வழி உண்டு. சாந்து விளிம்பு மட்டும் தட்டினால் அதை நீண்ட கம்பியால் உடைக்கலாம். புகைவழி நீள்சதுரமானால், நிறுவனமே நீள்வட்டமாக்கி அனுப்பும் லைனர் வாங்கலாம். வட்டக் குழாயை வீட்டில் வைத்துத் தட்டி நசுக்காதீர்கள், சான்று செல்லாது. இரண்டும் ஆகாவிட்டால் களிமண் குழாய்களை உடைத்தெடுக்க வேண்டும். ட்ரில்லில் மாட்டிச் சுழற்றும் உடைக்கும் கருவி வாடகைக்குக் கிடைக்கும். இதற்குத் தனியாக இரண்டு நாள் ஒதுக்குங்கள். இடிபாடு நீங்கள் நினைப்பதைவிட அதிகம் வரும், புழுதி அதைவிட அதிகம்.

நான்காவது வழி என்று ஒன்று உங்களுக்குத் தோன்றும்: ஒரு அளவு சின்ன லைனர் வாங்குவது. ஸ்டவ்வின் கையேடு எழுத்தில் அனுமதித்தாலொழிய, புகைவாயைவிடச் சிறிய லைனர் கூடாது. கதவைத் திறக்கும்போதெல்லாம் புகை அறைக்குள் வரும்.

உயரத்தையும் பார்த்துவிடுங்கள். புகைபோக்கி கூரையை விட்டு வெளிவரும் இடத்திலிருந்து 3 அடியாவது உயர்ந்திருக்க வேண்டும்; சுற்றிலும் 10 அடிக்குள் இருக்கும் எதையும்விட 2 அடி உயர்ந்திருக்க வேண்டும். ஸ்டவ்வுக்கு மேலே மொத்தம் 15 அடியாவது வேண்டும் என்று பல கையேடுகள் கேட்கின்றன.

5. எந்த லைனர் வாங்குவது

விறகுக்கு 316 வகைத் துருப்பிடிக்காத எஃகு. 304-ஐவிட இது அமிலத்தைத் தாங்கும், காரணம் இதில் மாலிப்டினம் சேர்த்திருக்கிறார்கள். நிலக்கரி, புகையில்லா எரிபொருள் கட்டி எரிப்பவர்கள் 904 வகையைப் பாருங்கள். அலுமினிய லைனர் மலிவாகக் கண்ணில் படும். அது சில கேஸ் கருவிகளுக்கு மட்டும். விறகுத் தீயில் தாங்காது.

ஒற்றைச் சுவரா, உள்பக்கம் வழுவழுப்பான இரட்டைச் சுவரா? வழுவழுப்பானதில் கரி குறைவாகத் தங்கும், தூரிகை சுலபமாகப் போகும், விலை கூடுதல். வளைவுள்ள புகைபோக்கியில் ஒற்றைச் சுவர் எளிதில் நெளியும். எதுவானாலும் வளைவு 45 டிகிரிக்கு மேல் இருந்தால் நீங்களே செய்ய முயலாதீர்கள்.

காப்புப் போர்வையை மிச்சம் பிடிக்க வேண்டாம் என்பது என் கட்சி. புகைபோக்கியின் செங்கலுக்கும் வீட்டின் மரச்சட்டங்களுக்கும் இடையே விதி கேட்கும் இடைவெளி பழைய வீடுகளில் அநேகமாக இருப்பதில்லை. அப்படிப்பட்ட வீட்டில் காப்பு கட்டாயம். இடைவெளி இருந்தாலும், குழாய் சூடாக இருந்தால்தான் புகையை மேலே இழுக்கும் இழுப்பு நன்றாக இருக்கும், தார் குறையும். எத்தனை அங்குலத் தடிமன் என்பதை லைனரின் கையேடு சொல்லும். கடைக்காரர் சொல்வதை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

6. செலவு எங்கே ஒளிந்திருக்கிறது

விளம்பரத்தில் தெரிவது குழாயின் விலை. 'முழு கிட்' என்று போட்டிருந்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: மேல்தகடு, மழைத்தொப்பி, கீழே வரும் டீ ('T' வடிவ) இணைப்பும் அதன் அடிமூடியும், ஸ்டவ்வோடு சேர்க்கும் அடாப்டர், இழுக்கும் கூம்பு. காப்புப் போர்வையும் கம்பிவலையும் பெரும்பாலும் தனிக் கணக்கு. அடைப்புத் தகடு கிட்டில் வருவது அரிது.

அதற்கு வெளியே கேமரா சோதனை, சுத்தம் செய்யும் கூலி, பெர்மிட் கட்டணம், சாரம் வாடகை, கார்பன் மோனாக்சைடு அலாரம். இவற்றைக் கூட்டிப் பார்த்தபோது எனக்குக் குழாயின் விலையே சின்னதாகத் தெரிந்தது.

இன்னொன்று. அளவுக்கு வெட்டிக் கொடுத்த லைனரை அநேகமாக யாரும் திருப்பி எடுப்பதில்லை. என் முதல் லைனர் இன்னும் கொட்டகையில்தான் கிடக்கிறது.

7. எப்போது செய்வது

குளிர் முடிந்த கையோடு, வசந்தத்தின் கடைசியில். அப்போது புகைபோக்கி வேலை செய்பவர்கள் ஓய்வாக இருப்பார்கள், சீலன்ட் காய வெயிலும் இருக்கும். முதல் குளிர்காற்று அடித்த பிறகு போன் செய்தால் எல்லோரும் அதே நாளில் போன் செய்திருப்பார்கள். இறக்கும் நாளில் காற்று இருக்கக் கூடாது. 25 அடிக் குழாய் கூரைமேல் காற்றில் ஆடத் தொடங்கினால் இரண்டு பேரால் அடக்க முடியாது. காற்றடித்தால் தள்ளிப்போடுங்கள், வந்த நண்பர்களுக்குச் சாப்பாடு போட்டு அனுப்புங்கள்.

8. இறக்கும் நாள்

கூரை வேலை பழக்கமில்லாதவர் சாரமும் பாதுகாப்புப் பட்டையும் இல்லாமல் ஏறவே வேண்டாம். பட்டையின் கயிற்றைப் புகைபோக்கியில் கட்டாதீர்கள். பழைய செங்கல் உங்கள் எடையைத் தாங்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. தகட்டு விளிம்பு கத்தி மாதிரி அறுக்கும், எனவே கனமான கையுறை. செராமிக் காப்பின் நார் நுரையீரலுக்கு ஆகாது, எனவே துகள் வடிகட்டும் முகமூடி. துணி முகமூடி போதாது.

முதலில் தரையில் குழாயை நீட்டி, சுருளை நிமிர்த்துங்கள். சுவரில் அம்புக்குறி இருக்கும். எந்தப் பக்கம் மேலே என்பதை அது காட்டும். திருப்பிப் போட்டால் உள்ளே வழியும் தார் மடிப்புகளுக்குள் புகுந்துவிடும். போர்வையைச் சுற்றி, மடிப்பை ஒட்டி, மேலே கம்பிவலையை இழுத்து மாட்டிக் கீழ்முனையில் இறுக்குங்கள். கூம்பை மாட்டி அதில் கயிறு கட்டுங்கள்.

மேலே இருப்பவர் ஊட்டுவார், கீழே இருப்பவர் வழிகாட்டுவார். இழுப்பது அல்ல, வழிகாட்டுவது. இருவருக்கும் நடுவே போனைத் திறந்தே வைத்திருங்கள். புகைபோக்கி வழியாகக் கத்தினால் சத்தம் கேட்கும், சொல் புரியாது. சிக்கினால் ஓரடி மேலே தூக்கி, லேசாகத் திருப்பி, மறுபடி இறக்குங்கள். பலம் கொடுக்க வேண்டி வந்தால் ஏதோ தவறு இருக்கிறது.

கீழே டீ இணைப்போ அடாப்டரோ பொருந்தும்வரை மேலே குழாயை வெட்டாதீர்கள். கீழே முடித்து, துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளால் இறுக்கிய பிறகு மேல்தகட்டை வைத்து, அதன் கவ்வியால் குழாயைப் பிடித்து, அதற்கு மேல் சில அங்குலம் விட்டு வெட்டுங்கள். தகட்டின் அடியில் சூடு தாங்கும் சீலன்ட். பிறகு தொப்பி. வெட்டிய விளிம்பில் சுருள் பிரிந்து ஒரு வால் நீட்டிக்கொண்டிருக்கும்; அதைக் கத்தரித்துவிடுங்கள், தூரிகை அதில்தான் மாட்டும்.

9. டாம்பரும் அடைப்புத் தகடும்

பழைய டாம்பரின் இரும்புச் சட்டம் வழியை மறிக்கும். அதை ஆங்கிள் கிரைண்டரால் அறுக்க வேண்டியிருக்கும். பழைய கயிறு அடைப்பு ஏதாவது இருந்தால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், பரிசோதிக்காமல் தொடாதீர்கள். அறுக்க முடியவில்லையே என்று ஒரு குட்டைக் குழாயை டாம்பர் வாய்வரை மட்டும் விட்டுவிட்டு நிறுத்துபவர்கள் உண்டு. கரி முழுவதும் பின்திட்டில் சேரும், ஸ்டவ்வை நகர்த்தாமல் சுத்தம் செய்யவே முடியாது. செய்யாதீர்கள்.

இன்ஸ்பெக்டர் பார்த்துப் போன பிறகு, குழாயைச் சுற்றித் தகட்டை வைத்து அதற்கு மேல் கல்கம்பளியைத் திணியுங்கள். கண்ணாடிக் கம்பளி வேண்டாம். இது இல்லாவிட்டால் அறையின் வெப்பம் புகைபோக்கிக்குள் ஏறிப் போய்க்கொண்டே இருக்கும்.

10. முதல் தீ

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அலாரம் மாட்டாமல் தீக்குச்சி கிழிக்காதீர்கள். முதலில் புகைக்குச்சியை ஸ்டவ்வுக்குள் வைத்து, இணைப்புகளில் எங்காவது கசிகிறதா, மேலே தொப்பியில் புகை வருகிறதா என்று பாருங்கள். முதல் சில தீ சின்னதாக இருக்கட்டும். ஸ்டவ்வின் பெயின்ட் வெந்து நாறும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். குளிர்ந்த குழாயில் காற்று கீழ்நோக்கி இறங்கிப் புகையைத் திருப்பினால், ஒரு செய்தித்தாளைச் சுருட்டி ஸ்டவ்வின் மேல்பகுதியில் கொளுத்தி முதலில் குழாயைச் சூடாக்குங்கள், பிறகு விறகு.

11. கோப்பில் என்னென்ன

லைனரோடு வந்த அடையாளத் தகட்டைச் சொன்ன இடத்தில் ஒட்டுங்கள். உத்தரவாதத்தைப் பதிவு செய்யக் காலக்கெடு உண்டு, பலர் அதைத் தவறவிடுகிறார்கள். பெட்டியிலுள்ள வரிசை எண், ரசீது, மூடுவதற்கு முன் எடுத்த படங்கள், இன்ஸ்பெக்டரின் கையெழுத்து, இன்ஷூரன்ஸ் மின்னஞ்சல் எல்லாம் ஒரே உறையில். ஆண்டுக்கு ஒருமுறை சுத்தம் செய்த ரசீதையும் அதிலேயே போட்டுவாருங்கள். அது இல்லாவிட்டால் 'ஆயுள் உத்தரவாதம்' என்ற சொல்லுக்கு மதிப்பில்லை.

சுத்தம் செய்ய வருபவரிடம் நைலான் தூரிகை இருக்கிறதா என்று வாசலிலேயே கேளுங்கள். சாதாரண இரும்புத் தூரிகையின் துணுக்குகள் உள்ளே ஒட்டித் துருப்பிடிக்கும். குளிர் முடிந்ததும் சுத்தம் செய்துவிடுவது நல்லது: கோடை முழுக்கக் கரியும் ஈரமும் சேர்ந்து உட்கார்ந்திருந்தால் எந்த எஃகையும் அரித்துவிடும்.